ஓர் ஆங்கிலக் குடும்பப்பெயரின் வேரைத் தேடுவது எப்படி? ‘டக்கர்’ வழியே ஒரு வழிகாட்டி

என் மகளின் பள்ளியில் மூன்று கேள்விகள் கொடுத்து அனுப்பினார்கள். உன் குடும்பப்பெயருக்கு என்ன பொருள்? அது எந்த ஊரிலிருந்து வந்தது? எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது? ஒரு வாரம் தவணை. என் கணவர் ஆங்கிலேயர், குடும்பப்பெயர் டக்கர். நான் பாளையங்கோட்டைக்காரி; அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு வளர்ந்தவள். குடும்பப்பெயர் என்ற ஒன்றை நான் சுமந்ததே இல்லை. ஆனால் டக்கர் என்ற பெயரை இங்கிலாந்துக்கு வரும் முன்பே அறிவேன். சாராள் டக்கர் என்ற ஆங்கிலப் பெண்மணியின் பெயர் தாங்கிய, எங்கள் ஊரார் ‘சாராள் தக்கர்’ என்று சொல்லும் கல்லூரியின் வாசலைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்குப் போனேன்.

ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலை ஐந்து மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் வேறு யாரோ ஒருவருடைய பாட்டனைத் துரத்திக்கொண்டு இருந்தேன். ஆங்கிலக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள், அப்படிப் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர், பழைய குடும்ப வேதாகமத்தில் ஓர் ஆங்கிலப் பெயரைப் பார்த்து வியந்தவர்கள் ஆகியோருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆவணங்கள் தனி; நடைமுறையும் வேறு.

1. பொருளைத் தேடி ஓடாதீர்கள், ஆளைத் தேடுங்கள்

எல்லோரும் செய்யும் முதல் தவறு, பெயரை இணையத்தில் தட்டிப் பொருள் பார்ப்பது. நானும் அதையே செய்தேன். ‘டக்’ என்றால் இங்கே பள்ளிப் பிள்ளைகள் வாங்கித் தின்னும் தின்பண்டம். ஆஸ்திரேலியாவில் ‘டக்கர்’ என்றால் சாப்பாடு. துணியை மடித்துத் தைப்பதும் ‘டக்’. ஆக, சமையற்காரர் வம்சம் அல்லது தையற்காரர் வம்சம் என்று என் மகள் படம் வரையவே தொடங்கிவிட்டாள். இரண்டும் தவறு.

இன்றைய ஆங்கிலச் சொல்லை வைத்துப் பழைய பெயருக்குப் பொருள் சொல்லக் கூடாது. பெயர் ஒட்டிக்கொண்ட காலத்தில், அந்த வட்டாரத்தில், அந்தச் சொல் எதைக் குறித்தது என்பதே கேள்வி. அதைவிட முக்கியமான இன்னொன்று: ஒரே பெயர் பல இடங்களில் தனித்தனியாகப் பிறந்திருக்கும். டக்கர் என்பது தென்மேற்கு இங்கிலாந்தில் ஒரு தொழிற்பெயர். அயர்லாந்தில் ஓ துவாகர் என்ற ஐரிஷ் பெயரை ஆங்கிலப்படுத்தியவர்களும் டக்கர் ஆனார்கள். எழுத்து ஒன்று, வேர் வேறு. உங்கள் டக்கர் எந்த டக்கர் என்று அகராதிக்குத் தெரியாது. உங்கள் முன்னோர் எந்த ஊரில் இருந்தார்கள் என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.

அதனால் இன்றிலிருந்து பின்னோக்கி, ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டாமல் நடங்கள். அகராதி ஏழாவது படியில் வருகிறது.

2. வீட்டில் இருக்கும் தாள்களைச் சேருங்கள்

ஒரு காசும் செலவழிக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள், ராணுவப் பதக்கங்கள், அடக்க ஆராதனை அட்டைகள், முன்பக்கத்தில் பிறந்த நாள்கள் எழுதிய வேதாகமம், பின்புறம் எழுத்துள்ள புகைப்படங்கள் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிச் செல்லாதீர்கள், பிறகு திருப்பித் தரும்போது மனத்தாங்கல் வரும்.

என் மாமியாரிடமிருந்து எனக்குக் கிடைத்தது என் கணவரின் தாத்தாவுடைய பிறப்புச் சான்றிதழ்: 1923, பிரிஸ்டல். அந்த ஒரு தாள் போதும், வண்டி கிளம்பிவிடும்.

குடும்பக் கதைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவற்றைத் தனி நோட்டில் வையுங்கள், ஆவணத்தோடு கலக்காதீர்கள். “பாளையங்கோட்டைக் கல்லூரி அம்மையார் நம் குடும்பம்தானாம்” என்ற கதை எங்கள் வீட்டில் திருமண நாளிலிருந்தே உலவியது. அதை நம்ப எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதைச் சொல்லி மாளாது. ஆசை இருக்கும் இடத்தில்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

3. பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள்: பாதிப் பணம் வீணாவது இங்கேதான்

இங்கிலாந்து, வேல்ஸில் அரசுப் பதிவு 1837 ஜூலை 1ஆம் தேதி தொடங்கியது. அன்றிலிருந்து இருக்கும் பதிவுகளின் குறிப்பேட்டை, அதாவது பெயர் அட்டவணையை, இரண்டு இடங்களில் இலவசமாகத் தேடலாம். ஒன்று, ‘ஃப்ரீபிஎம்டி’ என்ற தன்னார்வலர்களின் தளம். இன்னொன்று, பொதுப் பதிவு அலுவலகத்தின் சொந்தத் தளம். அதில் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும், கட்டணம் இல்லை.

இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழைய அச்சுக் குறிப்பேட்டில் 1911 செப்டம்பர் காலாண்டு முதல்தான் குழந்தையின் தாயுடைய பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். பதிவு அலுவலகத்தின் தளத்தில் 1837 முதலே அது உண்டு. இந்த ஒரு வசதி எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

நடந்தது இதுதான். என் கணவரின் எள்ளுத்தாத்தா 1858ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று தெரிந்தது. அதே பெயரில், அடுத்தடுத்த ஆண்டுகளில், ஒரே பதிவு மாவட்டத்தில் இரண்டு பையன்கள் பிறந்திருந்தார்கள். நான் முதலில் கண்ணில் பட்டவருக்குச் சான்றிதழ் வாங்கி, அவருடைய அப்பா, அப்பாவின் அப்பா என்று ஏறிக்கொண்டே போனேன். பிறகு ஒருநாள் அந்தப் பையன் நான்கு வயதிலேயே இறந்துவிட்டதை இறப்புக் குறிப்பேட்டில் பார்த்தேன். ஏறிய மரம் முழுவதும் வேறொருவருடையது. மனம் உடைந்துபோனது, அந்தக் குழந்தைக்காகவும் சேர்த்துத்தான்.

ஆகவே பிறப்புச் சான்றிதழ் வாங்கும் முன் மூன்று சோதனைகளைக் கட்டாயம் செய்யுங்கள்.

முதலாவது, அதே பெயரில் அதே மாவட்டத்தில் முன்பின் ஐந்து ஆண்டுகளில் வேறு யார் பிறந்தார்கள் என்று பட்டியல் எடுங்கள். இரண்டாவது, அந்தப் பட்டியலில் உள்ளவர்களில் யார் சிறுவயதிலேயே இறந்தார்கள் என்று இறப்புக் குறிப்பேட்டில் பாருங்கள். மூன்றாவது, உங்கள் ஆளின் திருமணச் சான்றிதழை முதலில் வாங்குங்கள். அதில் மணமகன், மணமகள் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். அந்தத் தந்தையின் பெயரோடு எந்தப் பிறப்பு ஒத்துப்போகிறதோ அதுவே உங்களுடையது. காசுக்கு அதிகம் விளைச்சல் தரும் தாள் திருமணச் சான்றிதழே என்பது என் அனுபவம். (தாயாரின் பெயர் திருமணப் பதிவில் இடம்பெறத் தொடங்கியது 2021 மே மாதம்தான். பழைய சான்றிதழில் அதைத் தேடிக் கண்ணை வருத்தாதீர்கள்.)

கட்டணம்: நான் வாங்கியபோது காகிதச் சான்றிதழ் 12.50 பவுண்டு, பிடிஎஃப் 8 பவுண்டு. மிகப் பழைய பிறப்பு, இறப்புகளுக்குப் பதிவின் படம் மட்டும் 3 பவுண்டுக்குக் கிடைத்தது. கட்டணம் அவ்வப்போது உயர்கிறது, வாங்கும் நாளில் பாருங்கள். பிடிஎஃப்பும் படமும் பிறப்பு, இறப்புகளுக்கு மட்டுமே உண்டு, திருமணத்துக்குக் காகிதம்தான். குறிப்பேட்டு எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்தால் நான்கு வேலை நாளில் அனுப்பிவிடுகிறார்கள். 38.50 பவுண்டு அவசரச் சேவை நம் வேலைக்குத் தேவையே இல்லை. வம்சாவளித் தளங்கள் சில இதே சான்றிதழை இரண்டு மடங்கு விலைக்கு ‘வாங்கித் தருகின்றன’. அரசுத் தளத்திலேயே வாங்குங்கள்.

குறிப்பேட்டைப் படிப்பதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இன்னும் சில:

காலாண்டு என்பது பதிவு செய்த காலாண்டு, பிறந்த காலாண்டு அல்ல. பதிவு செய்ய 42 நாள் அவகாசம் உண்டு. டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் இருக்கலாம்.

மாவட்டத்தின் பெயர் ஊரின் பெயர் அல்ல. 1889இல் பிறந்த கொள்ளுத்தாத்தாவுக்கு மாவட்டம் ‘செயின்ட் தாமஸ்’ என்றிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பரங்கிமலை நினைவுக்கு வந்து ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது டெவன் மாநிலத்தில் (இங்கே ‘கவுண்டி’ என்பதையே மாநிலம் என்கிறேன்) எக்ஸிட்டர் நகரைச் சுற்றியிருந்த கிராமங்களின் பதிவு மாவட்டம். உண்மையான ஊர் எக்ஸ்மின்ஸ்டர்.

1875 வரை பதிவு செய்யாத பெற்றோருக்குத் தண்டனை இல்லை. அதற்கு முந்தைய பிறப்பு ஒன்று அகப்படவில்லை என்றால் ஆள் இல்லை என்று பொருளாகாது. ஐந்தாம் படிக்குப் போங்கள்.

தந்தை என்ற கட்டம் காலியாக இருந்தால் குழந்தை தாயின் குடும்பப்பெயரைச் சுமக்கிறது என்று பொருள். அங்கிருந்து உங்கள் பெயரின் பாதை தாய்வழியே செல்லும். இதைப் பெரியவர்களிடம் சொல்லும்போது மெதுவாகச் சொல்லுங்கள். நூற்றைம்பது ஆண்டு பழையது என்றாலும் அது ஒரு பெண்ணின் வலி.

4. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊரைப் பிடியுங்கள்

1841 முதல் 1921 வரை, பத்தாண்டுக்கு ஒன்றாக, கணக்கெடுப்புத் தாள்கள் திறந்திருக்கின்றன. நூறு ஆண்டு கழித்தே திறப்பார்கள். 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942இல் நடந்த தீவிபத்தில் எரிந்துபோயின. 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. ஆக 1921க்குப் பிறகு உங்களுக்கு இருப்பது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு ஒன்றே. அதில் ஒரு நன்மை: பெண்கள் பிற்பாடு திருமணம் செய்துகொண்டால் புதிய குடும்பப்பெயரை மேலே எழுதிச் சேர்த்திருப்பார்கள்.

கணக்கெடுப்பில் நாம் தேடுவது ஒரே ஒரு கட்டம்: பிறந்த ஊர். 1851 முதல் அது மாநிலம், ஊர் எனத் தெளிவாக இருக்கும். 1841இல் ‘இதே மாநிலத்தில் பிறந்தவரா’ என்பதற்கு ஆம், இல்லை மட்டுமே உண்டு. பதினைந்துக்கு மேற்பட்ட வயதுகளையும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். 1841இல் 25 என்றிருந்தால் ஆள் 29 வயதுவரை இருக்கலாம்.

1921இல் பிரிஸ்டலில் இருந்த எங்கள் கொள்ளுத்தாத்தா பிறந்த ஊர் எக்ஸ்மின்ஸ்டர் என்று சொன்னார். 1861இல் மூன்று வயதுப் பிள்ளையாக இருந்த எள்ளுத்தாத்தாவுக்குப் பிறந்த ஊர் கிரெடிட்டன் அருகே உள்ள சாண்ட்ஃபோர்ட். இரண்டு தாள்களில் பெயர் பிரிஸ்டலிலிருந்து டெவனின் நடுவயல்களுக்குப் போய்விட்டது. 1911ஆம் ஆண்டுத் தாளைத் தவறாமல் பாருங்கள். அது குடும்பத் தலைவரே தன் கையால் நிரப்பியது. எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, எத்தனை பிள்ளைகள் பிறந்து எத்தனை இறந்தன என்பதும் இருக்கும். அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோது என் கணவர் வெகுநேரம் பேசவில்லை.

பணம் கட்டும் தளங்களில்தான் இந்தத் தாள்களின் படங்கள் இருக்கின்றன. ஆனால் உடனே அட்டை எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். ஊர்ப் பொது நூலகங்கள் பலவற்றின் கணினியில் ஆன்செஸ்ட்ரி அல்லது ஃபைண்ட்மைபாஸ்ட் இலவசம். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் இலவசம். ஃபேமிலிசர்ச் தளத்தில் 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் எழுத்துப்படி முழுவதும் காசில்லாமல் கிடைக்கும். சந்தா கட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். தேட வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு அந்த மாதத்தைத் தொடங்குங்கள். ‘இலவசச் சோதனைக் காலம்’ முடியும் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். மறந்தால் பணம் தானாகப் போய்விடும்.

5. சேகரப் பதிவேடுகள்: 1837க்கு முன்னால்

பாரிஷ் என்று இங்கே சொல்வது நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைகளின் ‘சேகரம்’ போன்றது, ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதி. ஒவ்வொரு சேகரத்திலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று 1538இல் ஆணை வந்தது. எல்லா ஊரிலும் அவ்வளவு பழையவை எஞ்சவில்லை. 1640கள், 1650களில் உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவும் பெரிய ஓட்டைகளை விட்டுப் போயின.

நடைமுறையில் உங்களுக்குப் பயன்படுபவை மூன்று கோடுகள். 1813 முதல் அச்சிட்ட படிவம். ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் இருக்கும். 1754 முதல் திருமணங்களுக்குத் தனிப் பதிவேடு, கூடவே ஓலை (திருமணத்துக்கு முன் கோயிலில் வாசிக்கும் அறிவிப்பு) வாசித்த பதிவும் உண்டு. மணமகள் வேறு சேகரமாக இருந்தால் இரண்டு ஊரிலும் ஓலை வாசித்திருப்பார்கள். மணமகன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது அங்கேதான் அகப்படும். 1733க்கு முன் பல பதிவுகள் லத்தீனில் இருக்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ‘1741 ஏப்ரலில் திருமணம், 1741 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம்’ என்று கண்டால் திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளை என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பிப்ரவரி, ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிப்ரவரி. நம் கணக்கில் 1742. குறிப்பெழுதும்போது ‘1741/42’ என்று எழுதுங்கள்.

எழுத்து வேறுபாடு அடுத்த தொல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னதைக் குருவானவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதினார். டக்கர், டூக்கர், டோக்கர் எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கலாம். தேடுபெட்டியில் உயிரெழுத்துகளின் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். படியெடுத்தவர் பழைய கையெழுத்தைத் தவறாகப் படித்திருக்கவும் கூடும். குடும்பப்பெயரை விட்டுவிட்டு, ஊர், ஆண்டு, தாய் தந்தையின் முதற்பெயர்களை மட்டும் கொடுத்துத் தேடுவது பல முறை கைகொடுத்தது.

ஞானஸ்நானம் அகப்படவே இல்லையா? அவர்கள் ஆங்கிலிக்கன் அல்லாத சபையாக இருந்திருக்கலாம். டெவனின் வடபகுதியில் மெதடிஸ்டுகளும், 1815இல் ஷெபியர் கிராமத்தில் தோன்றிய பைபிள் கிறிஸ்டியன் சபையாரும் நிறைய இருந்தார்கள். அவர்களுடைய பதிவேடுகள் தனி.

6. காப்பகத்துக்குப் போகும் நாள்

இணையத்தில் இல்லாததற்கு மட்டும் நேரில் போங்கள். டெவன் ஆவணங்கள் ஒரே இடத்தில் இல்லை. எக்ஸிட்டரில் ஒன்று, பார்ன்ஸ்டபிளில் ஒன்று, பிளிமத்தில் 2020இல் திறந்த ‘தி பாக்ஸ்’ என்று மூன்று. எந்தச் சேகரத்தின் பதிவேடு எங்கே இருக்கிறது என்று அட்டவணையில் பார்த்து, மின்னஞ்சலில் உறுதி செய்துகொண்டு, இருக்கையையும் முன்பதிவு செய்த பிறகே ரயில் டிக்கெட் வாங்குங்கள். வாரத்தில் சில நாள் மட்டுமே திறக்கும் காப்பகங்கள் உண்டு.

கொண்டுபோக வேண்டியவை: பெயருக்கு ஒரு சான்று (பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம்), முகவரிக்கு ஒரு சான்று (வங்கிக் கணக்குத் தாள் அல்லது வரித் தாள்), பென்சில். பேனாவை உள்ளே விட மாட்டார்கள். வாசகர் அட்டைக்குக் கட்டணம் இல்லை. புகைப்படம் எடுக்கக் கட்டணம் கேட்கலாம், முன்கூட்டியே விசாரியுங்கள். அட்டையில் இருக்கும் பெயரும் சான்றுகளில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராகவும், வங்கியில் கணவர் பெயராகவும் இருக்கும் நம் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். எனக்கு அரை நாள் அதிலேயே போனது. திருமணச் சான்றிதழின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

டெவனில் வேர் உள்ளவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. ஊர் நீதிமன்றங்களில் பதிந்த பழைய உயில்கள் எக்ஸிட்டரில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. 1942 மே மாதக் குண்டுவீச்சில் அவை எரிந்து சாம்பலாயின. 1812 முதல் 1857 வரையிலான உயில்களுக்கு வரித்துறை எடுத்த நகல்கள் தப்பின. வசதியானவர்கள் கேன்டர்பரி நீதிமன்றத்தில் பதிந்த உயில்கள் கியூ காப்பகத்தில் இருக்கின்றன. அதற்கு வெளியே ஏழைக் குடும்பத்து உயிலை டெவனில் தேடி நாள்களைச் செலவிடாதீர்கள்.

7. இப்போது அகராதியைத் திறக்கலாம்

சாண்ட்ஃபோர்ட் சேகரத்தில் 1780கள் வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் பொருளைப் பார்த்தேன். பார்க்க வேண்டியது 2016இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டின் பிரிட்டன், அயர்லாந்து குடும்பப்பெயர் அகராதி. நான்கு தொகுதி, 45,000க்கும் மேற்பட்ட பெயர்கள். விலை நமக்குக் கட்டாது. ஆனால் பல ஊர் நூலகங்களின் அட்டை எண்ணைக் கொடுத்தால் வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம். நூலகரிடம் கேளுங்கள்.

டக்கர் என்பவர் நெய்த கம்பளித் துணியைத் தண்ணீரிலும் களிமண்ணிலும் போட்டு மிதித்து, அடித்து, இறுகச் செய்பவர். நம் ஊரில் வெளுக்க உவர்மண் இருந்ததுபோல இங்கே அதற்கென்று ஒரு மண்ணும், புளித்த சிறுநீரும் பயன்பட்டன. ‘துன்புறுத்து’ என்ற பொருள் கொண்ட பழைய ஆங்கில வினைச்சொல்லிலிருந்து பெயர் பிறந்தது. துணியைப் படுத்தியெடுக்கும் வேலைக்குப் பொருத்தமான சொல்தான்.

என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த செய்தி. இதே தொழிலைச் செய்தவர் வடக்கே ‘வாக்கர்’, தென்கிழக்கே ‘ஃபுல்லர்’, தென்மேற்கே ‘டக்கர்’. ஒரே வேலை, மூன்று வட்டாரச் சொல், மூன்று குடும்பப்பெயர்கள். நம் பக்கத்து வீட்டு வாக்கர் ‘நடப்பவர்’ அல்லர். அவருடைய முன்னோரும் துணி மிதித்தவர்களே. எக்ஸிட்டரில் 1471இல் எழுப்பிய டக்கர்ஸ் ஹால், நெசவாளர்களும் துணி மிதிப்போரும் கூடிய மண்டபம், இன்றும் நிற்கிறது. மகளோடு போய்ப் பாருங்கள் என்று யாராவது எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1300களின் வரிப் பட்டியலில் ஒரு டக்கர் அகப்பட்டால் அவரே உங்கள் மூதாதை என்று துள்ளாதீர்கள். அந்தக் காலத்தில் அது அவருடைய தொழிலை மட்டும் சுட்டியிருக்கலாம். அவர் மகன் ஆடு மேய்த்தால் மகனுக்கு வேறு பெயர். பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கு நிலையாக இறங்கத் தொடங்கியதற்குப் பின்னரே அது குடும்பப்பெயர். எங்கள் குடும்பத்தில் ஆவணம் எட்டிய தூரம் வரை எல்லோரும் பண்ணைக் கூலியாட்கள். ஒருவர்கூடத் துணி மிதிக்கவில்லை.

8. எத்தனை பேருக்கு இந்தப் பெயர்?

ஆண்டுதோறும் குழந்தைகளின் முதற்பெயர்ப் பட்டியலை இங்கிலாந்தின் புள்ளிவிவர அலுவலகம் வெளியிடுகிறது. குடும்பப்பெயருக்கு அப்படி ஒன்றும் இல்லை. இணையத்தில் காணும் ‘உலகில் இத்தனையாவது இடம்’ என்ற எண்கள் பெரும்பாலும் மதிப்பீடுகள். பள்ளித் தாளில் அவற்றை உறுதிபோல எழுதாதீர்கள்.

நம்பிக்கையான வழி 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. ஃபேமிலிசர்ச்சில் குடும்பப்பெயரை மட்டும் கொடுத்து, மாநிலம் மாநிலமாக எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாலை வேலை. பிறகு அந்த எண்ணை மாநிலத்தின் மக்கள்தொகையால் வகுக்க மறக்காதீர்கள். வகுக்காவிட்டால் எந்தப் பெயரை எடுத்தாலும் லண்டன் முன்னால் வந்து நிற்கும், ஏனென்றால் எல்லோரும் பிழைக்க அங்கே போனார்கள். வகுத்ததும் டக்கர் டெவனில் குவிந்து, சோமர்செட், கார்ன்வால் பக்கம் பரவி, பிரிஸ்டல் கால்வாயைத் தாண்டித் தெற்கு வேல்ஸில் தலைகாட்டியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் 1998ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலையும் வைத்துக் குடும்பப்பெயர் வரைபடங்கள் செய்திருக்கிறார்கள். நீங்கள் போட்ட கணக்கை அவற்றோடு ஒப்பிடுங்கள்.

9. காசைக் கொண்டுபோகும் மூன்று ஆசைகள்

குலச்சின்னம் முதலாவது. ‘டக்கர் குடும்பச் சின்னம்’ என்று சட்டம் போட்ட படத்தை ஓர் இணையக் கடையில் 35 பவுண்டு கொடுத்து வாங்கினேன். இங்கிலாந்தில் சின்னம் குடும்பப்பெயருக்கு உரியதே அல்ல. அது ஒரு தனி மனிதருக்கும் அவருடைய சட்டபூர்வமான ஆண்வழி வாரிசுகளுக்கும் உரியது. 1484இல் தொடங்கிய லண்டன் ‘காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’ அதைப் பதிகிறது. வாங்கிய படம் வேறொரு டக்கர் வீட்டுடையது. கழற்றிவிட்டேன்.

இரண்டாவது, மரபணுச் சோதனை. குடும்பப்பெயரோடு சேர்ந்து இறங்குவது ஆண்களின் ஒய் குரோமோசோம். அந்தப் பெயரைப் பிறப்பால் சுமக்கும் ஓர் ஆண்தான் எச்சில் மாதிரி தர முடியும். அரிய பெயர்களில் அது நன்றாகப் பேசும். ஸ்மித் போன்ற பரவலான தொழிற்பெயர்களில் ஒரே பெயர்க்காரர்களுக்குள் தொடர்பு ஏறக்குறைய இல்லை என்று லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு 2009இல் காட்டியது. எதிர்பாராத தந்தைமையும் வெளிவரலாம். வீட்டுப் பெரியவர்கள் முழு மனத்தோடு சம்மதித்தால் மட்டும், எல்லா ஆவணமும் முடிந்த பின் செய்யுங்கள்.

மூன்றாவது, பிறர் இணையத்தில் ஏற்றிய வம்ச மரங்கள். இலவசம்தான், ஆனால் காலத்தைத் தின்னும். ஒருவர் செய்த தவறை ஐம்பது பேர் நகலெடுத்திருப்பார்கள். மூல ஆவணத்தின் படம் இல்லாத கிளையைத் தொடாதீர்கள். உங்கள் பெயரை யாராவது ஏற்கெனவே ஆய்ந்துகொண்டிருந்தால், 1979இல் தொடங்கிய ‘கில்ட் ஆஃப் ஒன்-நேம் ஸ்டடீஸ்’ சங்கத்தில் பதிந்திருப்பார்கள். அவர்களுக்கு எழுதிக் கேட்பது நல்லது.

10. ஆன செலவும், நிறுத்திய இடமும்

திருமணச் சான்றிதழ் இரண்டு, 25 பவுண்டு. பிறப்பு பிடிஎஃப் மூன்று, 24 பவுண்டு. தவறான ஆளுக்கு வாங்கிய காகிதச் சான்றிதழ் 12.50. சின்னம் 35. எக்ஸிட்டர் ரயில் தனி. வீணானவற்றைக் கழித்தால் 49 பவுண்டுதான் உண்மைச் செலவு. இந்த வரிசையில் போனால் வாரத்துக்கு இரண்டு மாலை வீதம் ஆறு வாரத்தில் 1837ஐத் தொடலாம். அதற்கு மேல் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு மாதம் ஒதுக்குங்கள். வாங்கும் ஒவ்வொரு தாளின் பின்னாலும் எந்தத் தளம், எந்த எண், எந்த நாள் என்று அன்றே எழுதிவிடுங்கள்.

1780களில் சாண்ட்ஃபோர்ட்டில் ஒரே முதற்பெயரில் இரண்டு தந்தையர் வந்தார்கள். பிரித்தறிய எந்தத் தாளும் இல்லை. அங்கே நிறுத்திவிட்டேன். சாராள் தக்கர் அம்மையாருக்கும் எங்களுக்கும் உறவு உண்டு என்று சொல்ல ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை. ஊருக்கு ஊர் தனித்தனியாகப் பிறந்த தொழிற்பெயரில் அப்படி எதிர்பார்க்கவும் கூடாது. மாமியாரிடம் அதைச் சொன்னபோது அவர் முகம் சற்று வாடியது. மகள் தன் தாளில் இப்படி எழுதினாள்: “எங்கள் பெயர் டெவனிலிருந்து வந்தது. துணியை மிதிப்பவர் என்று பொருள். எங்கள் தாத்தாக்கள் வயலில் வேலை செய்தார்கள். அதற்கு முன்னால் இன்னும் தெரியாது.” தவணை முடிந்து நான்கரை மாதம் கடந்திருந்தது. ஆசிரியை வாங்கிக்கொண்டார்.